புதுக் கணினி வாங்குமுன் ஒரு வார்த்தை



பருப்பு, மிளகாய் வற்றல் மொத்த வியாபாரத்தில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இருக்கிறோம். பள்ளிப் படிப்போடு மண்டிக்கு வந்தவர்கள் நாம். நாள்வழியும் பேரேடும் எழுதிப் பழகிய கை. 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு பேரேடு இருந்த இடத்தில் கணினி உட்கார்ந்துவிட்டது. இன்று அது நின்றால் கடையே நின்ற மாதிரிதான்.

அப்படி ஒரு நாள் நின்றது. மாதம் 20-ஆம் தேதி, 3பி ரிட்டர்ன் தாக்கல் செய்யக் கடைசி நாள். பில் புரோகிராமையும் இணையத்தையும் ஒன்றாகத் திறந்ததும் கணினி திணறியது. "நினைவகம் போதவில்லை, புரோகிராம்களை மூடுங்கள்" என்று அறிவிப்பு வந்தது. பில் புரோகிராம் தானாகவே மூடிக்கொள்ள, பாதி பதிந்திருந்த கொள்முதல் சிட்டை காணாமற் போயிற்று. ரிட்டர்ன் மறுநாள்தான் போனது. தாமதக் கட்டணம் 50 ரூபாய் பெரிதில்லை. தவணை தவறாதவர்கள் என்று நாம் வைத்திருந்த பெயர் போனதே, அதுதான் வருத்தம்.

பழுது பார்க்க வந்தவர், "பழைய மெஷின் ஐயா, புதுசு வாங்கிடுங்க" என்று நாற்பதாயிரத்துக்கு மதிப்பீடு எழுதிக் கொடுத்தார். நல்ல வேளையாகத் தங்கை மகன் வந்திருந்தான். "மாமா, பேஜிங் ஃபைலை யாரோ எடுத்திருக்கிறார்கள்" என்றான். விசாரித்தால், சி டிரைவில் இடமில்லை என்றபோது "எதையாவது எடுத்துத் தள்ளு" என்று கடைப் பையனிடம் சொன்னவர்களே நாம்தான்!

அது என்ன பேஜிங் ஃபைல்? நம் தொழிலை வைத்தே சொல்லலாம். ராம் என்பது கடையின் முன்தட்டு. கை நீட்டினால் சரக்கு வரும். ஆனால் இடம் குறைவு. ஹார்டு டிஸ்க் என்பது பின்கட்டுக் கிடங்கு. முன்தட்டு நிறைந்தால், உடனே தேவைப்படாததைக் கிடங்கின் ஒரு மூலையில் வைத்து, கேட்கும்போது எடுத்து வருகிறோம். அந்த மூலைதான் பேஜிங் ஃபைல்; இந்த ஏற்பாட்டுக்குத்தான் வர்ச்சுவல் மெமரி என்று பெயர். இங்கிலாந்தில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் அட்லஸ் கணினியில் 1962-லேயே வந்த முறை இது.

மூலையை அடைத்துவிட்டால் சரக்கு வைக்க இடமின்றி வியாபாரம் நிற்கும். நமக்கு நேர்ந்தது அதுதான். மூலை இருந்தும் முன்தட்டு மிகச் சிறியதானால், பையன் நாள் முழுவதும் கிடங்குக்கு ஓடிக்கொண்டே இருப்பான். வாடிக்கையாளர் காத்து நிற்பார். பழைய ஹார்டு டிஸ்க், ராமைவிடப் பல ஆயிரம் மடங்கு மெதுவானது. கணினி இழுத்து இழுத்து ஓடுவதன் ரகசியம் பெரும்பாலும் இவ்வளவுதான்.

நாம் செய்ததைச் சொல்கிறோம். முதலில் கணக்கு முழுவதையும் பென் டிரைவில் நகல் எடுத்தோம். இதைச் செய்யாமல் எதிலும் கை வைக்க வேண்டாம். பிறகு பழைய படங்களையும் தேவையற்ற புரோகிராம்களையும் நீக்கி, சி டிரைவில் 20 ஜிபி காலி செய்தோம். கண்ட்ரோல் பேனலில் சிஸ்டம், அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ், பெர்ஃபார்மன்ஸ் செட்டிங்ஸ் என்று போய், அங்கே அட்வான்ஸ்டு பகுதியில் வர்ச்சுவல் மெமரியைத் திறந்து, அளவைக் கணினியே பார்த்துக்கொள்ளும்படி "ஆட்டோமேட்டிக்" கட்டத்தில் டிக் செய்து, கணினியை அணைத்துப் போட்டோம். அறிவிப்பு நின்றது. கணினி தொடங்கும்போதே தாமாக எழும் புரோகிராம்களையும் நிறுத்தினோம். 4 ஜிபி ராமை 8 ஆக்கியதும் வேகமும் வந்தது. ராம் வாங்குவோர் டிடிஆர்3, டிடிஆர்4 என்ற வகையைப் பார்த்து வாங்க வேண்டும். ஒன்றின் இடத்தில் மற்றது பொருந்தாது. ஹார்டு டிஸ்க்கை எஸ்எஸ்டி ஆக மாற்றினால் இன்னும் நல்லது.

பழையதையே என்றும் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று சொல்லவில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டன. விண்டோஸ் 11-ஐ ஏற்காத கணினியில் பாங்க் வேலையும் ரிட்டர்ன் வேலையும் தொடர்ந்து செய்வது ஆபத்து. அதற்காக மாற்றுவது நியாயமான செலவு. காரணம் தெரியாமல், யாரோ சொன்னார்கள் என்று மாற்றுவது வீண் செலவு.

தராசு சாய்ந்தால் முதலில் தட்டைத் துடைத்துப் பார்க்கிறோம். உடனே புதுத் தராசு வாங்க ஓடுவதில்லை. கணினியும் நம் கடைச் சாமான்தான். கடைப் பையனைக் குறை சொல்லிப் பயனில்லை. தெரியாத வேலையை ஏவியது முதலாளியின் பிழை. நம் சங்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, கடை உரிமையாளர்களையும் கணக்கர்களையும் சேர்த்து உட்கார வைத்து இவற்றைக் கற்றுக்கொடுத்தால் என்ன? முதல் பெஞ்சில் நாமே வந்து உட்காரத் தயார்.

வாழ்க வணிகம்!