நகராத ஒளி



நம் முட்டத்துக் கலங்கரை விளக்கத்தை நோக்கி நின்று, ஒரு விரலை முகத்தின்முன் நீட்டி, கண்களை மாறிமாறி மூடிப் பாருங்கள். கோபுரத்தின் முன்னே விரல் இங்குமங்கும் தாவக் காண்பீர்கள். நம் கண்கள் ஏறக்குறைய 6 சென்டிமீட்டர் இடைவெளியில் அமைந்திருப்பதால், ஒவ்வொன்றும் சற்றே வேறுபட்ட காட்சியைப் பெறுகின்றது. அவ்வேறுபாட்டைக்கொண்டே மூளை ஆழத்தை உணர்கின்றது என்பதை ஆங்கில அறிஞர் சார்லஸ் வீட்ஸ்டன் 1838-ஆம் ஆண்டில் விளக்கிக் காட்டினார். அருகிலுள்ள பொருள்களுக்கு இது பெரிதும் உதவும். தொலைவு மிகுந்தால் வேறுபாடு மங்கிவிடும்.

அங்கே இயக்கம் துணைக்கு வருகின்றது. நாகர்கோவிலிலிருந்து பேருந்தில் வருவோர் சன்னல்வழி நோக்கினால், சாலையோரத் தென்னைகள் விரைந்து பின்செல்லும். தொலைவிலுள்ள மலைகளோ நம்முடன் வருவன போலத் தோன்றும். விரைந்து விலகுவது அண்மையிலுள்ளது. மெல்ல விலகுவது சேய்மையிலுள்ளது. ஒரு கண்ணை இழந்தவரும் இவ்வழியே தொலைவை அறிய இயலும். கரையிலுள்ள கோபுரத்தையும் அதன் பின்னேயுள்ள மலைமுகட்டையும் நேர்பிடித்துக் கடலில் இடமறிந்த நம் முன்னோர் கையாண்டதும் இவ்வுண்மையே.

ஆயினும் நம் பார்வைக்கு ஓர் எல்லை உண்டு. குறுக்கே கடந்து செல்வதைக் கண் எளிதில் கண்டுகொள்ளும். நம்மீது மோத வருவதோ பக்கவாட்டில் விலகுவதில்லை. ஒரே திசையில் அசையாது நிற்பதாகவே தோன்றும். அதன் உருவம் மட்டும் வளரும். ஒரே வேகத்தில் வரும் கப்பல் நம்மை அடைய 16 நிமிடங்கள் இருப்பதாகக் கொள்வோம். அது இருமடங்கு பெரிதாகத் தோன்ற 8 நிமிடங்கள் ஆகும். மீண்டும் இருமடங்காக 4 நிமிடங்கள், பின்னர் 2, பின்னர் 1. வளர்ச்சி கண்ணில் படும்போது காலம் கடந்திருக்கும். இரவில் தெரிவது ஒளிப்புள்ளி மட்டுமே என்பதால் இடர் இன்னும் பெரிது.

2018 ஆகஸ்ட் 7 அதிகாலையில், கேரளத்தின் முனம்பத்திற்கு அப்பால் 'ஓஷியானிக்' என்னும் மீன்பிடிப் படகைக் கப்பலொன்று மோதிச் சிதைத்தது. படகிலிருந்தோருள் பலர் நம் அண்டையிலுள்ள இராமன்துறையினர். அவ்விபத்தின் காரணத்தை ஆராய்வது நம் நோக்கமன்று. எனினும் கடலுக்குச் செல்வோர் உள்ள இல்லங்கள் ஒன்றை அறிந்திருத்தல் நலம்.

நெருங்கிவரும் கப்பலின் திசை மாறாதிருப்பின் மோதும் இடர் உண்டெனக் கொள்ளவேண்டும் என்று 1972-ஆம் ஆண்டின் பன்னாட்டுக் கடல் விதிகள் கூறுகின்றன. திசைகாட்டி கொண்டு பார்ப்பதே சிறந்தது. அது இல்லையேல், படகை ஒரே போக்கில் செலுத்தி, ஒரே இடத்தில் அமர்ந்து, தொலைவிலுள்ள ஒளியைப் படகின் கம்பம் ஒன்றோடு ஒப்பிட்டு நோக்குங்கள். ஒளி கம்பத்தைவிட்டு நன்றாக விலகிச் சென்றால் அது கடந்து போகக்கூடும். கம்பத்தோடு ஒட்டியே நின்றால், இன்னும் தொலைவில்தானே உள்ளது என்று அசட்டையாக இராமல், காலத்தோடு வழி விலகுங்கள்.

நகரும் ஒளியைவிட நகராத ஒளிக்கே அஞ்சவேண்டும். வலை கட்டக் கற்பிக்கும் தந்தையர் இதனையும் தம் மைந்தர்க்குக் கற்பிப்பார்களாக.