29 வயதில் திறந்த கதவு: பாலா தேவியின் பயணம் காட்டும் குறை

2020 ஜனவரி இறுதியில் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் கிளப், மணிப்பூரைச் சேர்ந்த தாக்குதல் ஆட்டக்காரர் பாலா தேவியை 18 மாத ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொண்டது. ஐரோப்பாவில் தொழில்முறை ஒப்பந்தம் பெற்ற முதல் இந்தியப் பெண் என்று அவரை எல்லாரும் கொண்டாடினர். அந்தக் கொண்டாட்டத்தில் ஒரு விவரம் கவனம் பெறாமல் போனது. அப்போது அவர் 30 வயதை எட்ட ஒரு வாரம்கூட இல்லை.

தாக்குதல் ஆட்டக்காரருக்கு வேகமும் உடல் வலுவும் உச்சத்தில் இருப்பது இருபதுகளில்தான். பாலா தேவி 15 வயதிலேயே தேசிய அணிக்குள் நுழைந்தவர். 2014, 2015 ஆகிய ஆண்டுகளில் இந்தியாவின் சிறந்த வீராங்கனையாகத் தேர்வானவர். அப்படியிருந்தும் வெளிநாட்டுக் கதவு திறக்க இத்தனை காலம் பிடித்தது. திறமைக் குறைவு இதற்குக் காரணம் அல்ல.

2019 இந்திய மகளிர் லீக்கைப் பார்த்தால் காரணம் புரியும். மணிப்பூர் காவல் துறை அணிக்காக ஆடிய பாலா தேவி, அந்தப் போட்டியில் 26 கோல்கள் போட்டு முதலிடம் பிடித்தார். இறுதியாட்டத்தில் தமிழ்நாட்டின் சேது எஃப்சி 3-1 என வென்று கிண்ணத்தைத் தட்டிச் சென்றது. ஆனால் அந்த லீக் முழுவதும் லூதியானா என்ற ஒரே நகரில், மே மாதத்தில் மூன்று வாரங்களுக்குள் நடந்து முடிந்துவிட்டது. ஆண்டின் மற்ற மாதங்களில் மாநில அணி, தேசிய முகாம், காவல் துறை வேலை. மூன்று வாரங்களுக்குள் ஓர் ஆட்டக்காரரை எடைபோட எந்த வெளிநாட்டு கிளப் ஆள் அனுப்பும்?

ரேஞ்சர்ஸ் வாய்ப்பும் லீக் வழியாக வரவில்லை. பெங்களூரு எஃப்சியுடன் ரேஞ்சர்ஸ் செய்துகொண்ட கூட்டுறவு வழியாகத்தான் தேர்வு ஆட்டத்துக்கு அழைப்பு வந்தது.

கிளாஸ்கோவிலும் காலம் கைகொடுக்கவில்லை. சென்ற சில வாரங்களில் கொவிட்-19 லீக்கை முடக்கியது. 2020 டிசம்பரில், மதர்வெல் அணியை ரேஞ்சர்ஸ் 9-0 என வீழ்த்திய ஆட்டத்தில், மாற்று ஆட்டக்காரராக இறங்கி முதல் கோலைப் போட்டார். பின்னர் முழங்கால் காயம் அவரை நீண்ட காலம் திடலுக்கு வெளியே உட்கார வைத்தது. 2022இல் இந்தியாவே ஏற்று நடத்திய ஆசியக் கிண்ணத்தில் அவரால் ஆட முடியவில்லை. இருந்தும் அவர் ஒதுங்கிவிடவில்லை. 2024இல் தெற்காசியப் போட்டியில், பாகிஸ்தானுக்கு எதிராக, தமது 50ஆவது அனைத்துலக கோலைப் போட்டார்.

அடுத்த தலைமுறைக்கு வழி கொஞ்சம் அகன்றிருக்கிறது. பஞ்சாபின் மனிஷா கல்யாண் இருபது வயதிலேயே சைப்ரசின் அப்போலோன் அணியில் சேர்ந்து, 2022இல் மகளிர் சாம்பியன்ஸ் லீக்கில் ஆடிய முதல் இந்தியரானார். இந்திய லீக்கும் 2023-24 பருவத்தில் சொந்தத் திடல், எதிரணித் திடல் என்ற முறைக்கு மாறியது. ஏழு அணிகள், ஓர் அணிக்கு 12 ஆட்டங்கள். மூன்று வாரங்களுக்குள் முடிந்த லீக்குடன் ஒப்பிட்டால் முன்னேற்றம்தான். ஓர் ஆண்டுப் பிழைப்புக்கு அது இன்னும் போதாது.

வெளிநாட்டு ஒப்பந்தம் ஒருவருக்குக் கிடைக்கும் பெருமை. உள்ளூர் லீக் நூறு பேருக்குக் கிடைக்கும் வாழ்வு. தோட்டத்துத் திடலிலோ பள்ளித் திடலிலோ பந்து உதைக்கும் பெண் பிள்ளைகளின் பெற்றோரும் பயிற்றுநர்களும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "வெளிநாட்டில் எப்போது ஆடுவாள்?" என்பதன்று. "இங்கே ஆண்டுக்கு எத்தனை ஆட்டம் ஆடுகிறாள்?" என்பதே. அதற்குச் சரியான பதில் கிடைத்துவிட்டால், அடுத்த பாலா தேவி 29 வயது வரை காத்திருக்க வேண்டியதில்லை.