பழைய கார் பஜனை

அண்மைக் காலமாக நம் இலக்கிய நண்பர்களிடையே ஒரு புதுவகை பக்தி பரவி வருகிறது. இணையத்தின் தயவால் பிரிட்டனின் பழைய காவல்துறைத் தொலைக்காட்சித் தொடர்கள் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டன. நல்லதுதான். ஆனால் அவற்றைப் பார்த்துவிட்டு எழுதுகிறவர்கள் கதையைப் பற்றி எழுதுவதில்லை. குற்றம், தண்டனை, நீதி ஆகியவற்றின் அறச்சிக்கல்களைப் பற்றியும் எழுதுவதில்லை. கார்களைப் பற்றி எழுதுகிறார்கள். இன்ஸ்பெக்டர் மோர்ஸின் சிவப்பு ஜாகுவார், 'ஸ்வீனி'யின் ஃபோர்டு கிரனாடா, 'ஹார்ட்பீட்'டின் ஃபோர்டு ஆங்லியா என்று ஒரு நாமாவளி. அங்கிருந்து ஒரே தாவலில் நம்மூர் வெள்ளை அம்பாசிடருக்கு வந்து, 'அந்தக் காலத்துக் கம்பீரம் இனி வருமா' என்ற பெருமூச்சோடு மங்களம் பாடிவிடுகிறார்கள்.

ஒருவர் இப்படி எழுதினால் தனிப்பட்ட ரசனை என்று விட்டுவிடலாம். வரிசையாகப் பலர் எழுதும்போது அது ஒரு மனப்போக்காகிறது. அந்த மனப்போக்கோடு நமக்கு மூன்று சண்டைகள் உண்டு.

முதல் சண்டை, உண்மை தொடர்பானது.

நண்பர்கள் 'பழைய தொடர்கள்' என்று குறிப்பிடுபவற்றில் பாதி, பழைய காலத்தில் எடுக்கப்பட்டவையே அல்ல. பழைய காலத்தை நினைத்து ஏங்கி எடுக்கப்பட்டவை. 'ஹார்ட்பீட்' 1992இல் தொடங்கியது; அது காட்டுவதோ 1960களின் யார்க்‌ஷயரை. 'லைஃப் ஆன் மார்ஸ்' 2006இல் வந்தது. அதன் கதை நடப்பது 1973இல். இளம் மோர்ஸின் கதையான 'எண்டெவர்' 2012 முதல் 2023 வரை வந்தது. அதுவும் 1960களில்தான் தொடங்குகிறது. மூல மோர்ஸ் தொடரே 1987இல் ஆரம்பித்தது. அவர் ஓட்டும் ஜாகுவார் மார்க் 2 தயாரிக்கப்பட்டது 1959 முதல் 1967 வரை. ஆக, தொடர் தொடங்கியபோதே அந்தக் கார் உற்பத்தி நின்று இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. அக்காலத்து ஆங்கிலேயர் எவரும் தெருவில் தினமும் கண்ட காட்சியல்ல அது. அவர்களுக்கே அது ஓர் ஏக்கப்பொருள். ஆங்கிலேயரின் ஏக்கத்தைக் கடன் வாங்கி, அதை நம் இளமை நினைவு போல நாம் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

இலக்கிய வாசகர்களுக்கு இதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. காலின் டெக்ஸ்டர் 1975இல் எழுதத் தொடங்கிய மோர்ஸ் நாவல்களில் மோர்ஸ் ஓட்டியது ஜாகுவார் அல்ல. லான்சியா என்ற இத்தாலியக் கார். தொலைக்காட்சிக்காரர்கள் அதை ஜாகுவாராக மாற்றினார்கள். தொடர் பெரும் வெற்றி பெற்ற பிறகு, நாவல்களின் பிற்காலப் பதிப்புகளில் லான்சியா நீக்கப்பட்டு ஜாகுவார் ஏற்றப்பட்டது. திரையில் வந்த காருக்காக மூலப் பிரதி திருத்தப்பட்டது! ஓலைச்சுவடியில் ஒரு சீர் மாறினாலே பாடபேதம் என்று அடிக்குறிப்பு எழுதும் மரபில் வந்தவர்கள் நாம். அத்தகைய நாம், ஒரு நாவலையே திருத்தவைத்த காரை 'அசல்' என்று கொண்டாடுவது வேடிக்கை.

இரண்டாவது சண்டை, அந்தக் கார்களுக்குள் உட்கார்ந்திருந்தவர்கள் பற்றியது.

'ஸ்வீனி' 1975 முதல் 1978 வரை ஒளிபரப்பானது. மோர்ஸாக நடித்த ஜான் தாதான் அதிலும் நாயகன். லண்டன் காவல்துறையின் கொள்ளைத் தடுப்புப் பிரிவான ஃபிளையிங் ஸ்குவாட் அதிகாரிகளை டயர் கிரீச்சிட வீதிகளில் பறக்கும் வீரர்களாகக் காட்டிய தொடர் அது. அது ஓடிக்கொண்டிருந்த 1977ஆம் ஆண்டிலேயே, மெய்யான ஃபிளையிங் ஸ்குவாடின் முன்னாள் தலைவர் கென்னத் ட்ரூரி, லஞ்சக் குற்றத்துக்காகச் சிறைக்குச் சென்றார். அதே காலத்தில், 1824ஆம் ஆண்டின் நாடோடிகள் சட்டத்தைக் காட்டி, சந்தேகத்தின் பேரில் கறுப்பின இளைஞர்களைத் தெருவில் நிறுத்திச் சோதிப்பதும் பிடித்துச் செல்வதும் வாடிக்கையாக இருந்தது. 1981இல் பிரிக்ஸ்டன் பற்றி எரிந்ததற்கு அந்த வாடிக்கையும் ஒரு காரணம். அந்த இளைஞர்கள் ஏற்றப்பட்ட வாகனங்களும் இன்று 'கிளாசிக்' ஆகிவிட்டன. அவற்றின் குரோமியப் பளபளப்பைப் பற்றி அவர்கள் என்ன நினைத்தார்கள் என்று நம் கட்டுரைகளில் தேடிப் பார்த்தோம். ஒரு வரியும் இல்லை.

ஆக்ஸ்போர்டு நகரத்தையே எடுத்துக்கொள்வோம். மோர்ஸின் ஜாகுவார் அங்கே கல்லூரி மதில்களையும் மணிக்கூண்டுகளையும் சுற்றி வருகிறது. அதைப் பார்த்து நம்மவர்கள் கிறங்குகிறார்கள். அந்த நகரத்தின் இன்னொரு மூலையான கௌலியில்தான் மாரிஸ் கார் தொழிற்சாலை இருந்தது. அங்கே உருவான மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையே, உத்தர்பாராவுக்கு வந்து அம்பாசிடர் என்று பெயர் சூடியது. அதாவது, மோர்ஸ் திரியும் ஊர்தான் நம் அம்பாசிடருக்குத் தாய்வீடு. இந்த உறவு நம் கட்டுரையாளர்கள் கண்ணில் படவில்லை. படாததற்குக் காரணம் உண்டு. கல்லூரியும் ஜாகுவாரும் சேர்ந்தால் கனவு வரும். தொழிற்சாலையும், ஷிப்டும், வேலைநிறுத்தமும், 1990களின் முதல் பாதியில் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்ட கௌலியின் பழைய கூடங்களும் நினைவுக்கு வந்தால் கனவு கலைந்துவிடும்.

மூன்றாவது சண்டை, நம்முடைய சொந்த ஊர் பற்றியது. இதுதான் முக்கியமான சண்டை.

நாம் இருப்பது புதுக்கோட்டை மாவட்டத்து அரிமளத்தில். நகரத்தார் வீடுகள் உள்ள ஊர். பர்மாத் தேக்குத் தூண்களையும் இத்தாலியச் சலவைக்கல் தரையையும் தேடி வருகிறவர்கள், இப்போதெல்லாம் பழைய கார் ஒன்றையும் வாடகைக்குக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திக் கல்யாணப் படம் எடுக்கிறார்கள். படம் அழகாகத்தான் வருகிறது. ஆனால் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, 'ஒருகாலத்தில் நாமெல்லாம் இப்படி இருந்தோம்' என்று எழுதும்போதுதான் குறுக்கிட வேண்டியிருக்கிறது. யார் அந்த நாமெல்லாம்?

அம்பாசிடர் 1950களின் பிற்பகுதியில் தொடங்கி 2014 மே மாதம் வரை ஏறக்குறைய ஒரே உருவத்தில் வந்துகொண்டிருந்தது. அதன் மூலமான மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசை பிரிட்டனில் 1959இலேயே முடிந்துபோயிற்று. இங்கே அது அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்ததற்குக் காரணம் அதன் அழகல்ல, உரிமம்-ஒதுக்கீட்டு முறை. பதிவு செய்து ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, வேறு வழியில்லாமல் வாங்கினார்கள். அப்படி வாங்க முடிந்தவர்களும் ஊருக்கு ஒருவர், இருவர். மற்றவர்களுக்கு அம்பாசிடர் என்பது வந்து நிற்கும் வண்டி. அதிலிருந்து யாரோ இறங்குவார்கள்: வேட்பாளர், பெரிய அதிகாரி, கடன் பாக்கிக்காரர். காவல்துறையைப் பொறுத்தவரை இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வருவார், அவருக்கு மேலானவர் அம்பாசிடரில் வருவார். ஜீப்பின் மூலம் அமெரிக்கா, அம்பாசிடரின் மூலம் பிரிட்டன். பின்னால் ஏற்றப்பட்டவன் மட்டும் உள்ளூர்க்காரன்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் வகுப்பில், 'எங்கள் வீட்டு நினைவில் ஒரு வாகனம்' என்று ஒரு பயிற்சிக் கட்டுரை கொடுத்தோம். பெரும்பாலோர் டிவிஎஸ் 50, டிராக்டர், அத்தையின் பிரசவத்துக்கு வந்த வாடகைக் கார் என்று எழுதியிருந்தார்கள். ஒரு மாணவர் தன் தாத்தாவைப் பற்றி எழுதியிருந்தார். எப்போதோ ஒரு திருட்டு வழக்கில், இரவில் வந்த போலீஸ் வண்டி தாத்தாவை ஏற்றிச் சென்றது. மூன்று நாள் கழித்து, வழக்கு ஏதும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு அவருடைய வலது கை தோளுக்கு மேல் உயரவில்லை. கடைசிக் காலம் வரை இரவில் எஞ்சின் சத்தம் கேட்டால் கொல்லைப்பக்கம் போய் உட்கார்ந்துகொள்வாராம். கட்டுரை நன்றாக இருந்தது. ஆசிரியத் தோரணையில் நாம் ஒரு கேள்வி கேட்டோம்: 'அது என்ன வண்டி என்று குறிப்பிட்டிருக்கலாமே தம்பி?' மாணவர் சொன்னார்: 'குனிய வச்சுத்தான் ஏத்தினாங்களாம் சார். தாத்தா வண்டியப் பாக்கலையாம்.'

அந்தக் கேள்வியைக் கேட்டதற்காக இன்றும் வெட்கப்படுகிறோம். விவரணைத் துல்லியம் என்பது எப்போதும் நல்ல எழுத்தின் அடையாளம் என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தவர்களுக்கு, துல்லியமாகப் பார்க்கும் வாய்ப்பே ஒரு வசதி என்று அன்று புரிந்தது. காரின் மாடலையும் ஆண்டையும் நிறத்தையும் நினைவில் வைத்திருப்பவர் அதை வெளியில் நின்று, நிமிர்ந்து, பயமில்லாமல் பார்த்தவர்.

'அழகியலில் அரசியலைக் கலக்காதீர்கள்' என்று நண்பர்கள் சொல்வார்கள். சொல்லட்டும். ஆனால் இந்தக் கலப்பை நாம் செய்யவில்லை. தமிழின் நல்ல படைப்புகள் ஏற்கெனவே செய்துவிட்டன. கோவையில் ஆட்டோ ஓட்டிய மு. சந்திரகுமார், தாம் குண்டூரில் காவல் நிலையக் கொட்டடியில் பட்டதை 'லாக்கப்' என்ற நாவலாக எழுதினார். அதிலிருந்து 2015இல் 'விசாரணை' பிறந்தது. 'ஜெய் பீம்' (2021) 1990களின் காவல் நிலையத்தை, அங்கு இழுத்துச் செல்லப்பட்ட இருளர்களின் பக்கத்தில் நின்று காட்டியது. ஜெயமோகனின் சிறுகதையை அடிப்படையாகக் கொண்ட 'விடுதலை'யின் முதல் பாகத்தில் (2023) நாயகனே ஒரு போலீஸ் ஜீப் ஓட்டுநர். அந்தப் பழைய ஜீப்பைக் கண்டு எவருக்கும் ஏக்கம் வராது. வாகனத்தை மறைத்ததால் வந்த விளைவல்ல அது. அதில் யார் எங்கே உட்காருகிறார், யார் ஏறத் தகுதியற்றவராகக் கருதப்படுகிறார் என்று காட்டியதால் வந்தது.

கற்பனையை விட்டு வழக்குக்கு வருவோம். 1992 ஜூனில் வாச்சாத்திக்குள் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை என மூன்று துறைகளின் வாகனங்கள் நுழைந்தன. பதினெட்டுப் பெண்கள் வன்புணர்வுக்கு ஆளானார்கள். விசாரணை நீதிமன்றத் தீர்ப்பு வர 2011 ஆயிற்று. உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்ய 2023 ஆயிற்று. நண்பர்கள் ஏங்கும் 'அந்தக் காலம்' இதையும் சேர்த்ததுதான். அதை நாட்காட்டியில் கிழித்துப் போட்டுவிட்டு முகப்பு விளக்கின் வளைவை மட்டும் வைத்துக்கொள்ள முடியாது. பழைய வண்டியோடு பழைய வழக்கமும் போய்விட்டது என்று ஆறுதல் கொள்ளவும் வழியில்லை. அம்பாசிடர் 2014இல் நின்றது. அதிகாரிகளின் சிவப்புச் சுழல்விளக்கு 2017 மே முதல் நாளோடு அகற்றப்பட்டது. சாத்தான்குளம் நடந்தது 2020இல்.

இவ்வளவும் சொன்ன பிறகு, இயந்திரங்களை நேசிப்பவர்களுக்கு நாம் எதிரிகள் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். மழை இரவில், பாதை தெரியாத தைலமரக் காட்டு வழியில், பிரசவ வலியெடுத்த பெண்ணைப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்த வாடகை அம்பாசிடர்களும் உண்டு. முன்பக்க நீள இருக்கையில் மூவர், பின்னால் ஐவர், மடியில் பிள்ளைகள் என்று ஒரு குடும்பமே அதில் பழநிக்குப் போய்வந்தது. ஸ்டியரிங் அடியில் கியர் மாற்றி, ஏற்றத்தில் கொதித்த ரேடியேட்டருக்குக் குளத்துத் தண்ணீர் ஊற்றி, கார்புரேட்டரைக் கழற்றி வாயால் ஊதிச் சுத்தம் செய்த ஓட்டுநர்கள் இருந்தார்கள். பாகம் கிடைக்காதபோது லேத்துப் பட்டறையில் கடைந்து போட்ட மெக்கானிக்குகள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் அந்தக் காரைப் பற்றிப் பேசினால் அதில் எரிச்சலும் பிரியமும் சம அளவில் இருக்கும். அதற்குப் பெயர் நினைவு. வண்டியின் தொல்லையை மறந்துவிட்டு அதன் தோற்றத்தை மட்டும் வைத்துக்கொள்வதற்குப் பெயர்தான் ஏக்கம்.

உண்மையில் எழுத வேண்டிய கதைகள் குவிந்து கிடக்கின்றன. 1948இல் தொடங்கப்பட்ட அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டியது. அதுவே பின்னாளில் அசோக் லேலண்ட் ஆயிற்று. பிரிட்டனின் டிரையம்ஃப் ஹெரால்டு, 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டாக உருவாயிற்று. பிரிட்டிஷ் போலீஸ் பயன்படுத்தியதும் அத்தொடர்களில் தலைகாட்டியதுமான ரோவர் எஸ்டி1 இருக்கிறதே, அதன் கூட்டுக்குள் ஒரு பழைய எஞ்சினைப் பொருத்தி 'ஸ்டாண்டர்டு 2000' என்று 1985இல் சந்தைக்கு அனுப்பினார்கள். பெட்ரோலைக் குடித்துத் தீர்த்த அந்தக் கார் மூன்றே ஆண்டில் நின்றுபோயிற்று. அதோடு தொழிற்சாலையும் படுத்தது. அங்கே வேலை பார்த்தவர்களின் வீட்டில் அந்த ஆண்டுகளில் என்ன நடந்தது? இவ்வளவு கார்ப் பித்துள்ள தமிழ் எழுத்துலகம் அதைப் போய்க் கேட்டு எழுதியிருக்க வேண்டாமா?

2017இல் அம்பாசிடர் என்ற பெயரை மட்டும் ஒரு பிரெஞ்சு நிறுவனம் எண்பது கோடி ரூபாய்க்கு வாங்கியது. கார் இல்லை, ஆலை இல்லை, வெறும் பெயர். ஏக்கத்துக்குச் சந்தையில் என்ன விலை என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அதை வியாபாரிகள் செய்வதில் நமக்குப் புகார் இல்லை; அது அவர்கள் தொழில். எழுதுகிறவர்களுக்கு வேறு தொழில் இருக்கிறது.

எனவே நண்பர்களே, அடுத்த கார்க் கட்டுரையைத் தாராளமாக எழுதுங்கள். முகப்பையும் பம்பரையும் வர்ணித்து முடித்ததும் அப்படியே சுற்றிப் பின்பக்கம் வாருங்கள். அங்கே யாரை ஏற்றினார்கள் என்று உள்ளூரில் நாலு பேரிடம் கேளுங்கள். வண்டியின் மாடல் தெரியாது என்று அவர்கள் சொன்னால், அதையும் அப்படியே எழுதுங்கள்.