விழுகிற போர்டும் விழாத போர்டும்

சித்திரை பிறந்துவிட்டால் எங்கள் தெரு வயர்மேனைப் பிடிப்பது கஷ்டம். எந்த வீட்டுக்குப் போனாலும் அவருக்கு ஒரே புகார்தான் காத்திருக்கும்: "ஏ.சி. போட்டா எம்.சி.பி. விழுந்துடுது." வேண்டுகோளும் ஒன்றுதான்: "இதை எடுத்துட்டுப் பெருசா ஒண்ணு போட்டுடுங்க." கையில் கொஞ்சம் காசு உள்ளவர்கள், "போர்டையே மாத்திடலாமா?" என்று கேட்பார்கள்.

வீட்டு மெயின் போர்டை எப்போது மாற்ற வேண்டும் என்ற கேள்விக்கு என் பதில் கொஞ்சம் தலைகீழாகத் தெரியலாம். அடிக்கடி விழுகிற போர்டை அவசரப்பட்டு மாற்றாதீர்கள். ஆண்டுக்கணக்கில் ஒருமுறைகூட விழாத போர்டைத்தான் முதலில் திறந்து பாருங்கள்.

மின்சாரத்தை அறைக்கு அறை பங்கிட்டுக் கொடுப்பதுதான் போர்டின் வேலை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். பங்கிடுவதற்கு ஒரு செப்புப் பட்டையும் நாலு திருகும் போதும். வெட்ட வேண்டிய நேரத்தில் வெட்டுவதற்காகத்தான் போர்டு என்று ஒன்று வைத்திருக்கிறோம். எம்.சி.பி. என்கிற அந்தச் சின்ன சுவிட்சுக்குள் இரண்டு காவல்கள் உண்டு. ஒன்று, இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த பட்டை. அளவுக்கு மீறிய கரண்ட் தொடர்ந்து போனால் அது சூடேறி வளைந்து சுவிட்சைத் தள்ளிவிடும். இதற்குச் சில நிமிடங்கள் ஆகலாம். இன்னொன்று கம்பிச் சுருள். ஷார்ட் சர்க்யூட் ஆனால் அது காந்தமாகிக் கண்ணிமைக்கும் முன்பே வெட்டிவிடும்.

முகப்பில் 16 என்று எழுதியிருக்கிறதே, அந்த 16 ஆம்பியர் கணக்கு ஏ.சி.யைக் காப்பாற்ற அல்ல. சுவருக்குள் ஓடும் வயரைக் காப்பாற்ற. வயரின் பருமனைப் பார்த்துத்தான் அந்த எண்ணைத் தேர்ந்தெடுப்பார்கள். வயர் அப்படியே இருக்க, 16-ஐ எடுத்துவிட்டு 32 போட்டால் எம்.சி.பி. விழாது, வாஸ்தவம்தான். ஆனால் கரண்ட் இரண்டு மடங்கானால் வயரில் எழும் சூடு நான்கு மடங்காகும். வீட்டு வயரின் பி.வி.சி. உறை 70 டிகிரி செல்சியஸ் வரை தாங்குவதற்கென்று செய்யப்பட்டது. அதற்கு மேல் போனால் உறை இளகும், கருகும். நீங்கள் கழற்றி எறிந்த காவல்காரனின் வேலையை வயர் தானே எரிந்து செய்யும்.

ஆகவே எம்.சி.பி. விழுந்தால் முதலில் எப்படி விழுகிறது என்று கவனியுங்கள். ஏ.சி.யும் கீசரும் சேர்ந்து ஓடிப் பத்து இருபது நிமிடம் கழித்து விழுந்தால், ஒரே லைனில் பாரம் அதிகம். அதற்குத் தேவை தனி லைன், முழுப் போர்டும் அல்ல. சுவிட்சைப் போட்ட நொடியே 'டப்' என்று விழுந்தால் ஷார்ட் சர்க்யூட். சாதனத்திலோ வயரிலோ கோளாறு. இஸ்திரிப்பெட்டியைச் செருகினால் மட்டும் விழுகிறது என்றால் குற்றவாளி இஸ்திரிப்பெட்டி. பாரமே இல்லாமல் விழுகிறது, தொட்டால் சுடுகிறது என்றால் அந்த எம்.சி.பி. தேய்ந்திருக்கலாம், அல்லது திருகு தளர்ந்திருக்கலாம். கடைசியாகச் சொன்னதைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் போர்டு தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது.

இப்போது விழாத போர்டுக்கு வருவோம். டெல்டா பக்கம் ஒரு பழைய ஓட்டு வீட்டில் என் அத்தை இருக்கிறார். வாசல் நடையைத் தாண்டியதும் சுவரில் மரப்பலகை, அதில் இரும்புப் பெட்டி மெயின் சுவிட்ச், பக்கத்தில் வரிசையாகப் பீங்கான் ஃபியூஸ் கேரியர்கள். "மாமா காலத்துல போட்டதுடா. இன்னிக்கு வரைக்கும் ஒரு தொந்தரவு கிடையாது" என்று பெருமையாகச் சொல்வார். மெயினை அணைத்து ஒரு கேரியரை உருவிப் பார்த்தபோதுதான் தொந்தரவு ஏன் இல்லை என்று புரிந்தது. ஃபியூஸ் கம்பி இருக்க வேண்டிய இடத்தில், ஏதோ ஒரு பிளக்ஸ் வயரிலிருந்து உரித்த செம்பு இழைகளை முறுக்கிச் சுற்றியிருந்தது. அது உருகுவதற்குள் வீட்டுக்குள் வேறு எதுவெதுவோ உருகிவிடும்.

"யார் அத்தை இதைக் கட்டினது?"

"அப்பப்போ போயிடும்டா. பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து கட்டிட்டுப் போவான். அவன் கைராசி, அப்புறம் போறதே இல்லை."

இந்தக் கைராசி தமிழ்நாட்டில் இன்னும் எத்தனையோ வீடுகளில் இருக்கிறது. நல்ல ஃபியூஸ் மோசமான பொருள் அல்ல. சரியான கம்பி கட்டிய ஃபியூஸ் ஷார்ட் சர்க்யூட்டில் உருகி வீட்டைக் காக்கும். ஆனால் ஒவ்வொரு முறை போகும்போதும் அடுத்த கம்பியின் பருமனைத் தீர்மானிக்கிற அதிகாரம் அந்த நேரத்தில் அவசரத்தில் இருப்பவர் கைக்குப் போய்விடுகிறது. எம்.சி.பி.யில் அந்த அதிகாரம் யாருக்கும் இல்லை.

இதைவிடப் பெரிய குறை இன்னொன்று. அந்த வீட்டில் வெறும் ஃபியூஸ்கள் இருந்தாலும் சரி, புத்தம்புது எம்.சி.பி.கள் இருந்தாலும் சரி, ஒரு மனிதருக்கு ஷாக் அடித்தால் இரண்டுமே கண்டுகொள்ளாது. கணக்கு எளிது. நம் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். ஈரக் காலோடு நிற்கும் ஒருவரின் உடல் ஏறக்குறைய ஆயிரம் ஓம் தடை தரும் என்று வைத்துக்கொண்டால், அவர் வழியே பாயும் கரண்ட் கால் ஆம்பியருக்கும் குறைவு. உயிரைப் பறிக்க அதில் ஒரு பகுதியே போதும். ஆனால் 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது ஒரு சின்ன விளக்கு எரிகிற மாதிரிதான். அது விழாது.

இதற்கென்றே இருப்பது ஆர்.சி.சி.பி. அது கரண்டின் அளவைப் பார்ப்பதில்லை. பேஸில் போன கரண்ட் முழுவதும் நியூட்ரலில் திரும்பி வந்ததா என்று மட்டும் பார்க்கும். கணக்கில் 30 மில்லி ஆம்பியர் குறைந்தால் — அதாவது ஓர் ஆம்பியரில் நூறில் மூன்று பங்கு — எங்கோ கசிகிறது, அது ஒரு மனித உடலாகவும் இருக்கலாம் என்று முடிவுசெய்து 0.3 விநாடிக்குள் மொத்த இணைப்பையும் துண்டிக்கும். எர்த் சரியாக இருந்தால், வாஷிங்மெஷின் உடலில் மின்சாரம் கசியத் தொடங்கும்போதே, நாம் தொடுவதற்கு முன்பே வெட்டிவிடும். மத்திய மின்சார ஆணையம் 2010-இல் கொண்டுவந்த பாதுகாப்பு விதிமுறைகள் இந்த மின்கசிவுக் காப்புக் கருவியைப் பற்றிப் பேசின. அவற்றுக்குப் பதிலாக 2023-இல் வந்தவையும் பேசுகின்றன. ஆனால் பழைய வீடுகளில் அதை நாமாகப் போட்டால்தான் உண்டு. என் கணக்கில், ஆர்.சி.சி.பி. இல்லாத போர்டும் அதற்கு இடம் கொடுக்க முடியாத போர்டும் வயது என்னவாக இருந்தாலும் மாற்றப்பட வேண்டியவை.

அடுத்து, போர்டு பழசாவது வயதால் மட்டும் அல்ல. 1980-களில் கட்டிய வீட்டில் நாலைந்து டியூப்லைட், மின்விசிறிகள், ஒரு மிக்ஸி, ஒரு டி.வி., ஒரு இஸ்திரிப்பெட்டி. எல்லாம் சேர்ந்து ஓடினாலும் இரண்டு கிலோவாட்டைத் தொடுவது அபூர்வம். இன்று அதே வீட்டில் ஒன்றரை டன் ஏ.சி. இரண்டு, ஒரு கீசர், ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு என்று நான்கு மட்டும் சேர்ந்து ஓடினாலே ஏழு கிலோவாட். அதாவது 30 ஆம்பியர். இதற்கு மேல் தண்ணீர் மோட்டார், வாஷிங்மெஷின், இப்போது போர்ட்டிகோவில் ராத்திரி முழுக்கச் சார்ஜ் ஏறும் ஸ்கூட்டர். வீட்டுக்கு மாடி கட்டும்போது அஸ்திவாரத்தைப் பற்றி இன்ஜினீயரிடம் கேட்கிற நாம், ஏ.சி. வாங்கும்போது போர்டைப் பற்றி யாரிடமும் கேட்பதில்லை. மும்முனை இணைப்பு உள்ள வீடுகளில் இன்னொரு பழக்கமும் உண்டு: ஒரு பேஸ் போனதும் சேஞ்ச் ஓவர் சுவிட்சைத் திருகி மொத்த வீட்டையும் மீதமுள்ள பேஸ்களில் ஒன்றின் தலையில் கட்டிவிடுவது. மூன்று பேர் தூக்க வேண்டியதை ஒருவர் தூக்கும் அந்த நேரத்தில்தான் பல போர்டுகள் கருகுகின்றன.

கண், மூக்கு, காது, கை இருந்தால் போதும், போர்டின் உடல்நிலை தெரியும். மூடியைத் திறக்க வேண்டாம். ஏ.சி. ஓடிக்கொண்டிருக்கும் இரவில் புறங்கையை மூடியின் மேல் வைத்துப் பாருங்கள். லேசான வெதுவெதுப்பு சரி, சூடு சரியில்லை. மீன் நாற்றம் போன்ற கருகிய பிளாஸ்டிக் வாடை, 'உர்ர்' என்ற சத்தம், ஓரங்களில் மஞ்சளித்த அல்லது கறுத்த பிளாஸ்டிக், மழைக்காலத்தில் சுவர் ஓதம் இறங்கிப் பிடித்த துரு, உள்ளே பல்லி போய் வர இடைவெளி — இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே வயர்மேனைக் கூப்பிட வேண்டும். ஒரே எம்.சி.பி.யின் வாயில் மூன்று நான்கு வயர்களைத் திணித்திருந்தால், போர்டில் இடம் தீர்ந்துவிட்டது என்று பொருள். அலுமினியம் வயர் ஓடும் பழைய வீடுகளில் திருகுகள் காலப்போக்கில் தாமாகவே தளரும். அங்கே இன்னும் கவனம் வேண்டும்.

போர்டின்மேல் வீண்பழி விழும் இடங்களும் உண்டு. தெருவே மங்கினால் கோளாறு உங்கள் வீட்டில் இல்லை. சில விளக்குகள் மங்கி, சில அளவுக்கு மீறிப் பளிச்சென்று எரிந்தால் நியூட்ரல் அறுந்திருக்கிறது. மும்முனை இணைப்பில் அப்படி ஆனால் 230 வோல்ட்டுக்கான சாதனங்களுக்கு அதைவிட வெகு அதிகமான அழுத்தம் போய்ச் சேரும். உடனே மெயினை அணைத்துவிட்டு மின்வாரியத்தைக் கூப்பிடுங்கள். குழாயைத் தொட்டால் சுரீர் என்றால் போர்டோடு எர்த்தையும் பார்க்க வேண்டும். கோடையில் வறண்டு கிடக்கும் எர்த் குழி எந்தப் புதுப் போர்டுக்கும் துணை நிற்காது.

மாற்றுவது என்று முடிவெடுத்தால், பெட்டியை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. பழைய வயரின் உறை உயிரோடு இருக்கிறதா என்பதை மெக்கர் என்ற கருவியால் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். உறை போயிருந்தால் புதுப் போர்டு செலவில் வயரிங்கையும் சேர்த்துக்கொள்ளத்தான் வேண்டும். இன்வெர்ட்டர் உள்ள வீடு என்றால் அதன் நியூட்ரலும் மெயின் நியூட்ரலும் எங்கேயாவது கலந்திருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். கலந்திருந்தால் புதிதாகப் போட்ட ஆர்.சி.சி.பி. ஓயாமல் விழும். அப்போது சில எலக்ட்ரீஷியன்கள் சொல்லும் ஆலோசனை பிரசித்தமானது: "இதை பைபாஸ் பண்ணிடலாம் சார், நிறைய வீட்டுல அப்படித்தான் இருக்கு." பண்ணாதீர்கள். கலந்ததைப் பிரிக்கச் சொல்லுங்கள். நாள் கொஞ்சம் கூடலாம், அவ்வளவுதான். எதிர்காலத்துக்கென நாலு இடம் காலியாக விட்ட பெட்டியாகவும், ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள எம்.சி.பி.களாகவும் வாங்குங்கள்.

இது யூடியூப் பார்த்துச் செய்யும் வேலை அல்ல. மெயின் சுவிட்சை அணைத்த பிறகும் மீட்டரிலிருந்து அதுவரை வரும் வயரில் மின்சாரம் இருந்துகொண்டேயிருக்கும். மீட்டரும் அதன் சீலும் வாரியத்துக்குச் சொந்தம். உரிமம் உள்ள வயர்மேனும், இணைப்பைத் துண்டித்துத் தர வாரிய ஊழியரும் வேண்டும். பாரம் கூடியிருந்தால் அதற்கான விண்ணப்பத்தையும் அதோடு கொடுத்துவிடலாம்.

அத்தை வீட்டில் போர்டு மாறிவிட்டது. "இது அடிக்கடி விழுதுடா" என்று இப்போது புகார் சொல்கிறார். பழைய கீசர் ஒன்று கசிந்துகொண்டிருந்தது. பழைய போர்டு அதை யாரிடமும் சொல்லவில்லை.

உங்கள் வீட்டு ஆர்.சி.சி.பி.யில் 'டி' என்று எழுதிய சின்னப் பொத்தான் இருக்கும். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு இந்த ஞாயிற்றுக்கிழமை அதை ஒருமுறை அழுத்துங்கள். வீடு இருண்டால் நல்லது, மேலே தூக்கிவிட்டு வேலையைப் பாருங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை இதைச் செய்யுங்கள். அழுத்தியும் விழவில்லை என்றால் அதை மாற்றுங்கள். அப்படியொரு பொத்தானே போர்டில் இல்லை என்றால், அடுத்த ஏ.சி.க்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் வயர்மேனைக் கூப்பிடுங்கள்.