இரண்டாவது பற்றறி படகைக் காப்பாற்றுமா?

பாய்ப் படகோ இயந்திரப் படகோ, பழைய பற்றறியோடு இன்னொன்றைச் சேர்த்துக் கட்டினால் இரவுத் தொழிலுக்குப் பயமில்லை என்று யாழ்ப்பாணத்தின் கொழும்புத்துறைக் கரையிலே சொல்கிறார்கள். நம்பிப் போகிறவர் நடுக் களப்பில் இருட்டில் நிற்க நேரும் என்பதால் இதை மறுத்தே ஆகவேண்டும்.

இரண்டு பற்றறி என்றால் இரண்டு மடங்கு மின்சாரம் என்கிறார்கள். பிளஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் சேர்த்தால் கொள்ளளவு கூடும். அதை நிரப்புவது யார்? கயிறு இழுத்து இயக்கும் சிறிய இயந்திரங்கள் பலவற்றில் சார்ஜ் ஏற்றும் சுருளே கிடையாது. 1990களின் பொருளாதாரத் தடையில் பற்றறி கிடைக்காமல், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட ஊருக்கு இதை விளக்கத் தேவையில்லை. சோலர் தகடோ கரையில் சார்ஜரோ இல்லையென்றால் இரண்டாவது பற்றறி வெறும் பாரம்தான்.

ஒன்று பழுதானால் மற்றது கைகொடுக்கும் என்பது இன்னும் மோசமான நம்பிக்கை. நிரந்தரமாகச் சேர்த்துக் கட்டிய இரண்டில், பழையதின் ஒரு செல் செத்தால் அது நல்லதின் மின்சாரத்தையும் இழுத்துக் குடிக்கும். விடியுமுன் இரண்டும் படுத்துவிடும். கைகொடுக்க வேண்டுமென்றால் இரண்டையும் பிரித்து வைத்து, நடுவில் தெரிவுச் சுவிச் போடவேண்டும்: ஒன்று பாவனைக்கு, மற்றது தொடாத இருப்பு.

கார் பற்றறி போதும் என்பதும் சரியல்ல. அதன் தகடுகள் மெல்லியவை. இயந்திரத்தைக் கிளப்பும் சில நொடி வேலைக்கானவை. இரவு முழுக்க விளக்கெரித்து வடித்தால் சீக்கிரம் கெட்டுப்போகும். ஆழமாக வடிக்கத் தாங்கும் பற்றறியைக்கூடப் பாதிக்குக் கீழே இறக்கக்கூடாது. ஓய்வில் 12.1 வோல்ற் காட்டினால் பாதி போய்விட்டது.

பன்னிரண்டு வோல்ற் ஆளைக் கொல்லாது, பியூஸ் எதற்கு என்று கேட்பவர்கள் தங்கள் வயரின் தோலை ஒருமுறை உரித்துப் பார்க்கட்டும். உப்புக் காற்றில் செம்பு கறுத்து, முனையில் பச்சை பூத்திருக்கும். அந்த வயர் எங்காவது உரசி ஷோட் ஆனால் நூற்றுக்கணக்கான அம்பியர் பாய்ந்து சிவக்கச் சூடேறும். பக்கத்தில் பெற்றோல் தாங்கி. சார்ஜ் ஏறும் பற்றறியிலிருந்து ஐதரசன் வாயு. பற்றறிக்குள் கடல்நீர் புகுந்தால் குளோரின் நச்சு வாயு கிளம்பும். பிளஸ் முனைக்குப் பக்கத்திலேயே பியூஸ், வெள்ளீயம் பூசிய செம்பு வயர், மூடியும் காற்றோட்டமும் உள்ள பெட்டி ஆகிய மூன்றும் இல்லாமல் இரண்டாவது பற்றறியைப் படகில் ஏற்றாதீர்கள்.

உண்மையில் பலருக்கு அது தேவையே இல்லை. 5 வாற் எல்.ஈ.டி விளக்கு பத்து மணி நேரம் எரிய ஏறக்குறைய 4 அம்பியர் மணிதான் செலவாகும். நல்ல நிலையிலுள்ள 70 அம்பியர் மணிப் பற்றறி ஒரு வாரம் தாங்கும். பழைய குமிழ்களை முதலில் மாற்றுங்கள். மிஞ்சிய காசில் ஒரு சோலர் தகடு வாங்குங்கள். கையில் ஒரு ரோச் லைற்றும் இருக்கட்டும். 7 மீற்றருக்குக் குறைந்த பாய்ப் படகில் நிரந்தர விளக்குகள் இல்லையென்றால், மோதலைத் தவிர்க்க நேரத்தோடு காட்டுவதற்கு ஒரு கைவிளக்காவது தயாராக இருக்கவேண்டும் என்பது 1972ஆம் ஆண்டின் சர்வதேசக் கடல் விதி.