நாட்டுச் சாப்பாடும் நாட்டு ஜாதியும்

பட்டணங்களில் இப்போது "பாரம்பரிய உணவு" என்பதாக ஒரு பேச்சு பலமாகக் கிளம்பியிருக்கிறது. கம்பங்கூழை மண்சட்டியில் ஊற்றி விலை வைக்கிறார்கள். கருப்பட்டிக்குக் கண்காட்சி நடத்துகிறார்கள். மேடை போட்டு, "நம் முன்னோர்கள் மூடர்களல்ல" என்று முழங்குகிறார்கள். நல்ல சாப்பாட்டின் மீது நமக்கு யாதொரு விரோதமும் இல்லை. ஆனால் இந்த முன்னோர் பெருமையில் எது அரிசி, எது கல் என்று புடைத்துப் பார்க்க வேண்டாமா? ஆகவே மேடைப் பேச்சாளர்களை விட்டுவிட்டு, சமைக்கிறவர், விளைவிக்கிறவர், பனையேறுகிறவர் ஆகிய மூவரிடம் பேசிப் பார்த்தோம்.

முதலாமவர் கல்யாணச் சமையல்காரர். "ஐயா, பேச வருகிறவர்கள் முதலில் கைப்பக்குவத்தைத்தானே விசாரிப்பார்கள்?" என்றோம். சிரித்தார். "முதல்லே எந்த ஊருன்னு கேட்பாங்க. ஊரைச் சொன்னா தெருவைக் கேட்பாங்க. தெருவைச் சொன்னா ஜாதி தெரிஞ்சு போகும். அதுக்கப்புறந்தான் சாம்பாரைப் பத்திப் பேச்சு" என்றார். "காய் நறுக்குகிறவர், அண்டா தேய்க்கிறவர்?" "அவங்களை யாரும் கேட்கிறதில்லைங்க. கரண்டி பிடிக்கிற கையைத்தான் கேட்பாங்க."

தோழர்களே! இந்தப் பித்தலாட்டத்தைச் சற்று யோசித்துப் பாருங்கள். நாற்று நட்ட கைக்குத் தீட்டில்லை. களை பறித்த கைக்குத் தீட்டில்லை. அறுத்து, அடித்து, தூற்றி, மூட்டை சுமந்த கைக்கும் தீட்டில்லை. அந்த அரிசி வெந்து சோறான பிறகு அதே கை தொட்டால் மாத்திரம் தீட்டு! அரிசிக்கு இல்லாத தீட்டு சோற்றுக்கு எங்கிருந்து வந்தது? கொதிக்கிற தண்ணீரிலிருந்தா? அரிசிக்கும் தீட்டு உண்டென்று விதித்திருந்தால் விதித்தவன் பட்டினி கிடந்து செத்திருப்பான். அதனாலேயே தன் வயிற்றுக்கு இடைஞ்சல் வராத இடமாகப் பார்த்துத் தீட்டை வைத்தான். இதற்குப் பெயர் ஆசாரமாம், சாஸ்திரமாம்!

பழமையின் யோக்கியதையையும் பார்ப்போம். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு ஆகிய மூன்றும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்குகள். 1498ல் போர்த்துக்கீசியர் கப்பல் இந்தக் கரைக்கு வந்த பின்பே இவை இங்கு வந்து சேர்ந்தன. திவசச் சமையலில் இன்றும் மிளகாயைத் தள்ளி மிளகைச் சேர்ப்பதே இதற்குச் சாட்சி. கடல் கடந்து வந்த மிளகாய்க்கு நம் அடுப்பங்கரையில் இடம் உண்டு. அடுத்த தெருவிலிருந்து வருகிற மனிதனுக்கு இடமில்லை. மிளகாய்க்குக் கிடைத்த மரியாதை மனிதனுக்குக் கிடைக்கவில்லை என்றால் இது என்ன நாகரிகம்?

இரண்டாமவர் மானாவாரி விவசாயி. கம்பும் சாமையும் போடுகிறவர். "எங்கப்பா காலத்திலே கூழ் குடிக்கிறவன்னு எங்களை ஏளனம் பண்ணினாங்க. இப்போ அதே கூழைப் படம் பிடிச்சுக்கிட்டுக் குடிக்கிறாங்க. விலை ஏறினது ஓட்டல்லேதான் அண்ணே, என் களத்திலே ஏறலை" என்றார். ஐக்கிய நாடுகள் சபை 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டென்று கொண்டாடியது. விளைவித்தவன் மடிக்கு வந்தது என்ன என்று கேட்பாரில்லை. நிற்க, 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. இது சோதித்தறிந்த விஷயம். ஆகவே கேழ்வரகைத் தின்னுங்கள். ஆனால் அதைத் தின்றால் சகல வியாதியும் ஓடிப்போகும் என்று விற்கிறவன், விபூதி கொடுத்து வியாதி தீர்க்கிறவனுக்கு அண்ணனே ஒழிய வேறல்ல.

மூன்றாமவர் பனையேறி. "பாளையைச் சீவிக் கலயத்திலே சுண்ணாம்பு தடவினா பதநீர். தடவாட்டி அது புளிச்சுக் கள்ளாயிடும். வித்தியாசம் ஒரு விரல் சுண்ணாம்புதான். அதுக்குத்தான் போலீசு வருது" என்றார். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. ஆலையில் வடித்த சாராய வகைகளையோ அரசாங்கமே கடை வைத்து விற்கிறது. குடியை நாம் சிபாரிசு செய்யவில்லை. ஏழை இறக்கினால் குற்றம், முதலாளி வடித்தால் வருமானம் என்பது என்ன நியாயம் என்றுதான் கேட்கிறோம். பனையேறிகளின் கருப்பட்டி எல்லார் வீட்டு அடுப்பங்கரைக்கும் போயிற்று. அவர்கள் சமூகத்தார் கமுதிக் கோயிலுக்குள் போகக்கூடாதென்று 1908ல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை தீர்ப்பாயிற்று. கருப்பட்டி இனித்தது, காய்ச்சியவன் கசந்தான்!

இந்தப் பந்திச் சண்டை புதிதல்ல. பொதுப் பணம் வாங்கி நடந்த சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைக்குத் தனிப்பந்தி போட்டதைப் பெரியார் 1925ல் சந்திக்கு இழுத்தார். 1957ல் சென்னையில் ஓட்டல் பலகையிலிருந்த "பிராமணாள்" என்ற எழுத்தை அழிக்கத் தொண்டர்கள் நாள்தோறும் சிறைக்குப் போனார்கள். பலகையில் இருந்ததை அழித்தோம். மண்டைக்குள் இருப்பதை அழித்தோமா?

2018ல் திருப்பூர் மாவட்டம் அவினாசிப் பக்கத்துக் கிராமப் பள்ளியில், தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஓர் அம்மாள் சத்துணவு சமைக்கக் கூடாதென்று ஊரார் தடுத்தார்கள். அதிகாரிகள் முதலில் அந்த அம்மாளையே வேறிடத்துக்கு மாற்றினார்கள். கண்டனம் எழுந்த பிறகே மாற்றலை ரத்து செய்தார்கள். தடுத்தவர்கள் பார்ப்பனர்கள் அல்லர், நம்மவர்களே! குருகுலத்தில் பார்ப்பான் செய்தால் கொடுமை, பள்ளிக்கூடத்தில் நாம் செய்தால் ஊர் வழக்கமா? 1920ல் சென்னை நகரசபைப் பள்ளியில் நீதிக்கட்சியார் தொடங்கி, 1956ல் காமராசர் நாடெங்கும் பரப்பி, 2022ல் காலை உணவாகவும் வளர்ந்த இந்தச் சோறு, பசிக்கு மட்டுமா போட்டது? எல்லாக் குழந்தைகளும் ஒரே வரிசையில் உட்கார வேண்டும் என்பதற்கும் போட்டதல்லவா? அந்தத் தட்டை இழுக்கிறவன் தன் பிள்ளைக்கே ஜாதி விஷத்தை ஊட்டுகிறான்.

ஆகையால் தோழர்களே, வாய்ப்பேச்சு போதும். அடுத்த முறை உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்குச் சமையல் பேசும்போது ருசியைக் கேளுங்கள், சுத்தத்தைக் கேளுங்கள், கூலியைக் கேளுங்கள். ஊரையும் தெருவையும் கேட்காதீர்கள். தாழ்த்தப்பட்டவர் என்று ஊர் ஒதுக்குகிறவரையே தலைமைச் சமையல்காரராக வைத்து, எல்லாரையும் ஒரே பந்தியில் உட்கார வையுங்கள். வர மறுக்கிற சொந்தக்காரன் வராமல் போகட்டும். இலை மிச்சம், இழிவும் மிச்சம்.

இதைச் செய்யத் துணிவில்லாதவர்கள் கம்பங்கூழின் பெருமையைப் பேச வேண்டியதில்லை. கூழுக்கு யாருடைய புகழ்ச்சியும் தேவையில்லை. அதைக் காய்ச்சியவனுக்குத்தான் மரியாதை தேவை.