வரவு மட்டும்

பி.காம். படித்தவனுக்கு லெட்ஜர் என்றால் இரண்டு பக்கம் வேண்டும். இந்தப் பக்கம் பற்று, அந்தப் பக்கம் வரவு. விஞ்ஞானிகளின் லெட்ஜரில் வரவு மட்டும்தான். ஒருவருடைய ஆராய்ச்சிக் கட்டுரையை மற்றவர்கள் எத்தனை தடவை மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணுகிறார்கள். 'ஆஹா' என்று காட்டினாலும் ஒன்று, 'சுத்தப் பேத்தல்' என்று காட்டினாலும் ஒன்று. (நம் ஆபீஸில் இந்த வசதி இருந்தால் நான் எப்போதோ மேனேஜர்.)

2005-ல் ஹிர்ஷ் என்கிற கலிஃபோர்னியா பௌதிகப் புரொபசர் இதைச் சுருக்கி 'ஹெச் இன்டெக்ஸ்' என்று ஒரே நம்பராக்கினார். உங்கள் கட்டுரைகளில் இருபது, தலா 20 மேற்கோளாவது வாங்கியிருந்தால் உங்கள் இன்டெக்ஸ் 20. வாழ்நாளில் ஒரே கட்டுரை எழுதி, அதற்கு 2,000 மேற்கோள் என்றால்? வெறும் 1. வேலை, ப்ரமோஷன், ஆராய்ச்சிப் பணம் எல்லாவற்றுக்கும் இந்த நம்பரைப் பார்க்கிற கமிட்டிகள் உண்டு.

1888-ல் கஹால் அப்படி ஒரு கமிட்டி முன்னால் போய் நின்றிருந்தால் என்ன கதி என்று யோசித்துப் பார்க்கிறேன்.

சாந்தியாகோ ராமோன் இ கஹால், பார்ஸிலோனாவில் புரொபசர். வயது 36. மூளை நரம்பெல்லாம் ஒரே தொடர்ச்சியான வலை என்று பெரிய மனிதர்கள் சொல்லிக்கொண்டிருந்த காலம். இவர் பறவைகளின் சிறுமூளையை மெல்லிசாகச் சீவி, வெள்ளி உப்பில் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். செல்கள் தனித்தனி! கிட்டே வந்து நிற்கின்றன, ஒட்டிக்கொள்வதில்லை.

இதை யார் பிரசுரிப்பார்கள்? தானே ஒரு பத்திரிகை ஆரம்பித்துவிட்டார். மே மாதம் முதல் இதழ். கட்டுரைகள் அவர் எழுதியவை, படங்கள் அவர் வரைந்தவை, அச்சுக்கூலி அவர் சம்பளம். மொத்தம் 60 பிரதி. பெரும்பாலும் வெளிநாட்டுப் புரொபசர்களுக்குத் தபாலில் போயின. ஸ்பானிஷில் இருந்ததால் அங்கே படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. வீட்டில் ஐந்து வாண்டுகள். செலவு கட்டுப்படியாகாமல் அவர் மனைவி சில்வேரியா அந்த வருஷம் வேலைக்காரி இல்லாமலே சமாளித்தார். அந்தம்மா தேய்த்த பாத்திரங்களை யாரும் மேற்கோள் காட்டியதாகத் தெரியவில்லை.

1889-ல் கஹால், மைக்ராஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு பெர்லின் மாநாட்டுக்கே போய்விட்டார். அரைகுறை ஃப்ரெஞ்சில், 'கொஞ்சம் வந்து பாருங்க சார்' பாணியில் ஒவ்வொருவராக அழைத்தார். கொல்லிக்கர் வந்தார். 72 வயது. அந்த வட்டாரத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். குனிந்து பார்த்தார். அதுவரை தான் சொல்லிவந்ததைக் கைவிட்டு கஹால் கட்சிக்கு வந்தார். கஹாலைப் படிப்பதற்காக அந்த வயதில் ஸ்பானிஷ் வேறு கற்றுக்கொண்டார்!

1906-ல் நோபல் பரிசு. பங்குக்கு காமிலோ கால்ஜி. (பயாலஜியில் 'கால்ஜி பாடீஸ்' என்று நெட்டுரு போட்டீர்களே, அவரேதான்.) கஹால் பயன்படுத்திய வெள்ளிச் சாய முறையை 1873-ல் கண்டுபிடித்தவர். ஆனால் கடைசிவரை வலைக் கட்சி. பரிசு வாங்கிய கையோடு, நோபல் சொற்பொழிவிலேயே, தனித்தனி செல் என்கிற கொள்கையைப் போட்டுத் தாக்கினார்.

இன்றைய லெட்ஜர்படி அதுவும் கஹாலுக்கு ஒரு வரவு.